கடைசிப் பிடிச் சாமை

மாதம்மாளுக்கு அந்த வருஷம் எதைப் பார்த்தாலும் அலுப்பாக இருந்தது. அடுப்பைப் பார்த்தால் அலுப்பு, குடத்தைப் பார்த்தால் அலுப்பு, எதிரே யாராவது வந்தால் நின்று பேச வேண்டுமே என்று அலுப்பு. வெறும் உடம்பு வலியாக இருந்திருந்தால் தைலத்தைத் தேய்த்து ஒரு நாள் படுத்து எழுந்திருப்பாள். இது ஏழு வருஷமாகச் சேர்ந்தது. ஐம்பத்தொரு வயதில் ஒரு பொம்பளை இவ்வளவு களைத்துப் போக முடியுமா என்று அவளுக்கே சில நாள் சந்தேகம் வரும்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு மாசி மாதம், அவள் புருஷன் கருப்பண்ணன் மிளகு பறிக்க, கொடி படர்ந்திருந்த சில்வர் ஓக் மரத்தில் ஏறினான். ஒற்றை மூங்கிலில் கணுக்கணுவாகக் கால் வைக்க இடம் விட்ட ஏணி. மலைமேல் அரியூர் நாட்டில் எல்லோரும் அதில்தான் ஏறுகிறார்கள், அவனும் இருபத்தைந்து வருஷமாக ஏறியவன்தான். அன்றைக்கு ஏணி நழுவியதா, கால் நழுவியதா என்று கடைசிவரை அவனுக்கே தெரியவில்லை. சேலத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். உயிர் பிழைத்தது. இடுப்புக்குக் கீழே மட்டும் எதுவும் பிழைக்கவில்லை.

படுக்கைப் புண் வந்துவிடும், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வையுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். மகள் தேன்மொழி கல்யாணமாகி ராசிபுரம் போவதற்கு முன்னால் அம்மாவின் போனில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு அலாரமாக வைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். ஏழு வருஷம் அந்தப் போன் கத்தியது, ஏழு வருஷம் இவள் எழுந்தாள். ஒரு புண்கூட வரவில்லை. பரிசோதனைக்குப் போன இடத்தில் நர்ஸ் ஒருத்தி முதுகைத் தடவிப் பார்த்து, இப்படி ஒரு முதுகை நான் பார்த்ததே இல்லை என்று பாராட்டினாள். பாராட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து மறுபடியும் புரட்டிப் போட்டாள்.

அந்த ஆனி மாதம் அவனுக்கு இரண்டு நாள் காய்ச்சல். வாயருகே கஞ்சியைக் கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொண்டான். மூன்றாம் நாள் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது. சாமையில் களை தலைக்கு மேல் போய்க்கொண்டிருந்ததால், "ஒரு எட்டுப் போயி ரெண்டு சால் களை எடுத்துட்டு வாரேனுங்க" என்றாள். தலையை ஆட்டினான். அரை மணி நேரம் கழித்து வந்து பார்த்தபோது வீட்டுப் பூனை அவன் நெஞ்சின் மேல் உட்கார்ந்திருந்தது. நெஞ்சு அசையவில்லை. ஏழு வருஷத்தில் ஒரு அரை மணி நேரம் கண்ணை எடுத்தாள், அதில் போய்விட்டான். இதை அவள் யாரிடமும் சொல்லி அழவில்லை. சொன்னால் ஆறுதல் சொல்வார்கள், அதையும் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

காரியம் முடிந்ததும் ஊரே கூடி, இனியாச்சும் ஓய்வா இரு என்று சொன்னது. சொன்னவர்களில் ஒருவர்கூட அவள் கையிலிருந்த குடத்தை வாங்கவில்லை, அது வேறு கதை. மாதம்மாள் தன் பங்குக்கு ஒரு முடிவு எடுத்தாள். இனி தன்னை நம்பி ஒரு உயிரும் இருக்கக் கூடாது. ஆடுகளைக் கொழுந்தன் அண்ணாமலையிடம் ஓட்டிவிட்டாள். கோழிகளை மகள் வந்தபோது கூடையில் போட்டு அனுப்பினாள். வாசலில் தொட்டியில் இருந்த ரோஜாச் செடியைக்கூட பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். பூனையை மட்டும் யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. அதுவும் தன் பாட்டுக்கு எலி பிடித்துத் தின்றுகொண்டு யாரையும் நம்பி இருக்கவில்லை, ஆகையால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டாள்.

அந்தப் பூனைக்குக் கருப்பண்ணன் வைத்த பெயர் மேஸ்திரி. தான் ஒரு துரும்பையும் நகர்த்தாமல் அடுத்தவர் வேலை செய்வதை உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கும் என்பதால் அந்தப் பெயர். அவன் போன பிறகு மேற்பார்வை முழுவதும் மாதம்மாள் பக்கம் திரும்பியது. அவள் எங்கே போனாலும் பத்தடி பின்னால் வாலைத் தூக்கிக்கொண்டு வந்தது.

புரட்டாசியில் சாமை முற்றியது. அவன் உயிரோடு இருந்தபோது விதைத்தது. அவர்கள் ஊரில் சாமைக் காடு என்பார்கள். காடு ஒன்றும் இல்லை, வீட்டிலிருந்து இறங்கிப் போனால் அரை ஏக்கர் சரிவு நிலம். அறுப்புக்கு ஒருவர் காட்டுக்கு மற்றவர் போவதுதான் வழக்கம். இன்றைக்கு எனக்கு, நாளைக்கு உனக்கு. அடுத்தவர் காட்டுக்குத் திரும்பப் போகத் தன்னால் முடியாது என்று மாதம்மாளுக்குத் தெரியும். அதனால் யாரையும் கூப்பிடவில்லை. தனியாகவே குனிந்து மூன்று நாள் அறுத்தாள்.

அவர்கள் குடும்பத்தில் சாமை அறுப்புக்கு ஒரு முறை இருந்தது. நாலு ஓரத்திலிருந்தும் அறுத்துக்கொண்டே உள்ளே வருவார்கள். நடுவில் ஒரு கட்டில் அகலத்துக்குப் பயிர் நிற்கும்போது அரிவாளை இடுப்பில் செருகிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதற்குக் கடைசிப் பிடி என்று பெயர். அது ஒரு ராத்திரி அப்படியே நிற்கும். மறுநாள் காலையில்தான் அதில் அரிவாள் வைப்பார்கள். காடையோ, முயலோ, பாம்போ, நாலு பக்கமும் பயிர் போனதும் எல்லாம் அந்த நடுத் துண்டில்தான் ஒண்டி நிற்கும். "உள்ள குடியிருக்கறவங்க ஊடு மாத்திக்க ஒரு ராத்திரி குடுக்கோணும்" என்பான் கருப்பண்ணன். படுத்த படுக்கையான பிறகும் ஒவ்வொரு வருஷமும் அறுப்பு முடியும் நாளில் அவள் படியேறும்போதே உள்ளிருந்து கேட்பான். "கடைசிப் பிடிய உட்டுட்டு வந்தியா?"

"உட்டுட்டு வந்துட்டேனுங்க" என்பாள் இவள். அத்தோடு அந்த வருஷத்து அறுப்பு முடிந்ததாக அர்த்தம்.

இந்த வருஷம் கேட்க ஆள் இல்லை. நாலாம் நாள் காலை ஒன்பது மணிக்கு நடுத் துண்டு மட்டும் நின்றது. அதை விட்டுவிட்டுப் போனால் நாளைக்கு மறுபடியும் இந்தச் சரிவில் இறங்க வேண்டும், ஏற வேண்டும். முழங்கால் இரண்டும் வேண்டாம் என்றன. யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்துக்கொண்டு அரிவாளைப் போட்டாள். கால் மணி நேர வேலை. அறுத்ததைக் கட்டிப் போட்டுவிட்டு நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டபோது, பின்னால் ஒரு கீச்சுக் குரல் கேட்டது.

எலி என்றுதான் முதலில் நினைத்தாள். மேஸ்திரி வாயில் எதையோ கவ்விக்கொண்டு, அறுத்துவிட்ட அடித்தாளில் நடந்து வந்தது. எலிக்கு அவ்வளவு நீளக் காது இல்லை. அது முயல் குட்டி.

அரிவாளைப் போட்டுவிட்டுப் பாய்ந்து பூனையின் பிடரியைப் பிடித்தாள். மேஸ்திரி அடித் தொண்டையில் உறுமிற்று. இரண்டு வருஷம் எலி பிடித்தும் இப்படி ஒன்று அதற்குச் சிக்கியதில்லை. அவள் மணிக்கட்டில் நாலு கோடு கிழித்த பிறகுதான் வாயைத் திறந்தது. குட்டி அவள் உள்ளங்கையில் விழுந்தது. மண் நிற முடி, நெற்றியில் அரிசி அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. கழுத்துக்குப் பின்னால் ஒரு சொட்டு ரத்தம். கண் திறந்தே இருந்தது. உடம்பு முழுக்க ஒரே துடிப்பாக இருந்தது.

"என்னால முடியாது" என்று வாய்விட்டுச் சொன்னாள். யாரும் இல்லாத காட்டில் அது கொஞ்சம் சத்தமாகவே கேட்டது. குட்டியைத் தாளில் கீழே வைத்தாள். அது ஓடவில்லை, காதை முதுகோடு ஒட்டிக்கொண்டு அப்படியே கிடந்தது. நாலு பக்கமும் மொட்டைத் தாள், ஒளிய ஒரு புல் இல்லை. இருந்த கடைசி மறைப்பையும் இப்போதுதான் இவள் அறுத்துக் கட்டிப் போட்டிருக்கிறாள். மேஸ்திரி மூன்றடி தள்ளி உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டு காத்திருந்தது. மாதம்மாள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, சும்மா வீட்டைப் பார்க்க நடந்தால் போதும். மீதியை மேஸ்திரி பார்த்துக்கொள்ளும்.

நாலடி நடந்தாள். திரும்பி வந்தாள். தன் மேலேயே வந்த எரிச்சலோடு குட்டியை எடுத்து முந்தானையில் சுற்றிக்கொண்டாள்.

மேட்டில் ஏறும்போது அண்ணாமலை மண்வெட்டியோடு எதிரே வந்தான். முந்தானையை எட்டிப் பார்த்தான். "மொசக்குட்டிங்களா அண்ணி? இத்துனூண்டு கறிக்கு ஆவாது. வளத்துங்க, தை மாசத்துக்கு ஆவும்."

"உன்ற வேலையப் பாத்துட்டுப் போ சாமி" என்றாள். சண்டை போடவும் தெம்பு வேண்டுமே.

வீட்டுக்கு வந்து மேஸ்திரியை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள். மூடி போட்ட மூங்கில் கூடையில் கருப்பண்ணனின் பழைய வேட்டியை மடித்துப் போட்டுக் குட்டியை அதில் வைத்தாள். வெளித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து பக்கத்து வீட்டில் வாங்கிய பாலைத் துணித் திரியில் நனைத்து வாயருகே கொண்டுபோனாள். குட்டி உதட்டைத் திறக்கவில்லை. இன்னொரு தடவை நனைத்தாள். திறக்கவில்லை. அந்த இறுகின வாயைப் பார்த்ததும் அவள் திரியைக் கீழே போட்டாள். ஆனி மாதத்தில் இதே வேட்டிக்காரன் இதே மாதிரி வாயை இறுக்கிக்கொண்டு கிடந்தான். அன்றைக்கு, தெளிந்துவிட்டது என்று நினைத்து ஏமாந்தாள். இன்னொரு தடவை ஏமாற அவள் தயாராக இல்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு செம்மேட்டு பஸ்ஸுக்கு ஓடினாள். ஓடினாள் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். அந்த முழங்காலோடு என்ன முடியுமோ அது.

செம்மேட்டுக் கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டர் பரிமளா அவளுக்குப் பழக்கம்தான், ஆடு இருந்த காலத்துப் பழக்கம். கூடையைத் திறந்து பார்த்ததும் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எப்பங்கம்மா புடிச்சுது பூனை?"

"காலைல ஒம்பது மணிக்குங்க. சாமை அறுத்தப்ப."

"பால் குடுத்தீங்களா?"

"குடுத்தனுங்க, வாயே தெறக்கல."

"அதுவரைக்கும் நல்லதாப் போச்சு. மாட்டுப் பால் இதுக்கு ஒத்துக்காது, வயிறு ஊதிரும்." டாக்டர் கழுத்து முடியை விலக்கிப் பார்த்தார். "பல்லு ஆழமா எறங்கல. ஆனா பூனைப் பல்லுல வெசம் மாதிரி, சீழ் வச்சிரும். ஒரு ஊசி போட்டுடறேன். மூணு நாளைக்குத் தாங்கும்."

ஊசி போட்டு முடியும்வரை மாதம்மாள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், கேட்கப் பயந்துகொண்டிருந்ததைக் கேட்டாள். "இத நாந்தான் வெச்சு வளத்தோணுங்களா?"

"வேண்டாம், வேண்டாம். நம்ம கையில இது தங்காதுங்கம்மா, பெரும்பாலும் செத்துப் போயிரும். பாரெஸ்ட் ஆபீசுக்கு நான் ஒரு வார்த்தை சொல்லிடறேன். நீங்க எடுத்த எடத்துலயே கொண்டு போயி உட்டுருங்க, பொழுது எறங்கறதுக்குள்ள. அதோட அம்மா வரும்."

"அம்மாவா? நாலு நாளா அங்கதான் அறுத்துட்டிருக்கறேன். ஒரு மொசலும் கண்ணுல படலீங்க."

"படாது. பகல்ல கிட்டவே வராதுங்க. வந்தா அது வாசத்தப் புடிச்சு நரி, கீரி எல்லாம் வந்துரும். இருட்டற நேரத்துல ஒருக்கா வந்து, அஞ்சு நிமிசம் பால் குடுத்துட்டுப் போயிரும். மறுபடி அடுத்த நாள்தான்."

"ஒரு நாளைக்கு அஞ்சு நிமிசமா?"

"அவ்வளவேதான். அதுலயே வளந்துரும்."

மாதம்மாளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்த முயல் மேல்தான் கோபம். என்ன பொம்பளை இவள்? ஐந்து நிமிஷம் முகத்தைக் காட்டிவிட்டு நாள் முழுக்க ஊர் சுற்றுகிறவளுக்குப் பிள்ளை தங்குகிறது. இருபத்து நாலு மணி நேரமும் பக்கத்திலேயே கிடந்தவளுக்கு அரை மணி நேரத்தில் போய்விடுகிறது. இதை டாக்டரிடம் சொல்ல முடியுமா? மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

டாக்டர் மேலும் இரண்டு விஷயம் சொன்னார். குட்டியை வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, மனுஷ வாடை இருந்தால் தாய் வராது. நாளைக் காலையில் வயிறு பந்து மாதிரி இருந்தால் தாய் வந்தது என்று அர்த்தம், ஒட்டிக் கிடந்தால் இல்லை. அப்புறம் இருபது நாளைக்குப் பூனையை வெளியே விடக் கூடாது. "அது அந்த எடத்த மறக்காதுங்கம்மா" என்றார்.

மூன்றரை மணிக்கு ஊர் திரும்பினாள். கூடையோடு நேராகக் காட்டுக்கு இறங்கினாள். மொட்டைத் தாளின் நடுவில் நின்றபோதுதான் அடுத்த பிரச்சினை தெரிந்தது. எடுத்த இடத்தில் வை என்றால் எங்கே வைப்பது? அந்த இடமே இப்போது இல்லை. கடைசிப் பிடி ஆறு கட்டாகக் கட்டிக் கிடக்கிறது.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு வேலையில் இறங்கினாள். வேலி ஓரத்திலிருந்து குச்சிகளை ஒடித்து வந்து ஊன்றினாள். கட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, அவிழ்த்து, கதிர் மேலே பார்க்க குச்சிகளில் சாய்த்து நிறுத்தினாள். ஆறு கட்டு போதவில்லை. சரிவில் மேலே கிடந்ததில் இன்னும் நாலு கட்டை இழுத்து வந்தாள். காலையில் அறுத்தது சாயங்காலம் மறுபடி எழுந்து நின்றது, ஒரு கட்டில் அகலத்துக்கு.

மேட்டில் போய்க்கொண்டிருந்த அண்ணாமலை நின்றுவிட்டான். "ஏனுங்க அண்ணி, அறுத்தத மறுபடி நட்டுட்டு இருக்கறீங்களா?"

"ஆமா."

"வானம் மூடிட்டு வருது. நனைஞ்சா முளச்சுரும்."

"மொளைக்கட்டும்."

அவளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் அவன் நினைத்திருப்பான். ஆனாலும் இறங்கி வந்து, சரிந்துகொண்டிருந்த இரண்டு கட்டுகளை நிமிர்த்திக் குச்சியோடு சேர்த்துக் கட்டிவிட்டுப் போனான்.

வேட்டியோடு குட்டியை எடுத்து, தாளுக்கு நடுவே ஒரு சின்னப் பள்ளத்தில் இறக்கினாள். வேட்டியை மட்டும் மெல்ல உருவிக்கொண்டாள். குட்டி காதைப் படிய வைத்துக்கொண்டு கல் மாதிரி உட்கார்ந்தது. நெற்றியில் வெள்ளைப் புள்ளி மட்டும் தெரிந்தது. இனி அவள் போக வேண்டும். அதுதான் அவளால் முடியவில்லை. நாள் முழுக்க முடிந்த எல்லாவற்றையும் விட அது பெரிய வேலையாக இருந்தது. காட்டு ஓரத்துப் பாறைவரை போய் நின்றாள். இங்கிருந்து பார்த்தால் வாடை போகுமா என்று யோசித்தாள். கீரி வந்தால்? தாய் பயந்து வேறு பக்கம் போயிருந்தால்? காலையில் வயிறு ஒட்டிக் கிடந்தால், அப்போதும் தான் பக்கத்தில் இருக்கவில்லை என்றாகிவிடும். தன் மனசில் இன்னொன்றை வைத்துக்கொள்ள இடமில்லை என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

பொழுது மலைக்குப் பின்னால் இறங்கியது. இவள் நிற்கும்வரை அந்தத் தாய் வரமாட்டாள்.

"வாரேன் சாமி" என்று சாமைப் பக்கமாகச் சொன்னாள். ஆனி மாதத்துக்குப் பிறகு வாரேன் என்ற வார்த்தையை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஏறினாள்.

வீட்டில் மேஸ்திரி தன் கோபத்தைக் காட்டியிருந்தது. கருப்பண்ணனின் கட்டில் கிடந்த மூலையைத் தேர்ந்தெடுத்து அசிங்கம் பண்ணி வைத்திருந்தது. வாசல் கதவைப் பிராண்டிக் கத்தியது. மாதம்மாள் திட்டக்கூட இல்லை. அள்ளிப் போட்டு, மிச்சமிருந்த பினாயிலைக் கரைத்து அந்த மூலையைத் துடைத்தாள். நாலு மாதமாக இல்லாத பினாயில் வாசம் வீடு முழுக்க வந்தது. அந்த வாசத்திலேயே பாயைப் போட்டுச் சாய்ந்தாள்.

அலாரத்தை மகள் எப்போதோ எடுத்துவிட்டாள். ஆனாலும் மாதம்மாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை விழிப்பு வந்துகொண்டுதான் இருந்தது, எழுந்து கையை நீட்டிய பிறகுதான் ஆள் இல்லை என்று ஞாபகம் வரும். அன்றைக்கு வரவில்லை. கண் விழித்தபோது ஓட்டு இடுக்கில் வெயில் இறங்கியிருந்தது. பதறி எழுந்தாள். புரட்டவில்லையே என்ற பதற்றம் முதலில், அப்புறம் முயல். மழை பெய்ததா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

மழை பெய்திருந்தது. தாள் ஈரமாக இருந்தது. நிறுத்தி வைத்த கட்டுகளில் இரண்டு சாய்ந்து கிடந்தன. பக்கத்தில் போய்க் குனிந்தாள். கதிரை விரலால் விலக்கினாள்.

அதே பள்ளத்தில் அதே மாதிரி உட்கார்ந்திருந்தது. முடி உலர்ந்திருந்தது. தொடக் கூடாது என்று தெரிந்தும் ஒரு விரலை மட்டும் அடியில் நீட்டினாள். வயிறு இரண்டு பக்கமும் புடைத்து, விம்மி, பந்தாக இருந்தது.

வந்திருக்கிறாள். இருட்டில் வந்து, ஐந்து நிமிஷம் இருந்து, போயிருக்கிறாள். போனதால் இது சாகவில்லை.

விரலை எடுத்துக்கொண்டு கதிரை மூடினாள். பாறைவரை வந்தாள். ஈரத்திலேயே உட்கார்ந்து, நாலு மாதம் அழாததை எல்லாம் சேர்த்து அழுதாள். அழுகை நின்ற பிறகும் அவளுக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. வீட்டுப் பக்கம் பார்த்துச் சொன்னாள்.

"கடைசிப் பிடிய உட்டுட்டு வந்துட்டேனுங்க. ஒரு நாள் தாமசமாயிருச்சு."

வீட்டுக்கு வந்தபோது மேஸ்திரி கதவுக்குப் பின்னால் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது. இருபது நாள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இருபது நாளும் அந்த மூலையை பினாயில் போட்டுத் துடைக்க முடியாது. மாதம்மாள் பரணில் ஏறி, சாக்கில் சுற்றிக் கட்டி வைத்திருந்த பேசினை எடுத்தாள். படுத்தபடியே வெளிக்குப் போகக் கருப்பண்ணனுக்குச் சேலத்து ஆஸ்பத்திரியில் கொடுத்தது. காரியத்தன்று படுக்கைச் சாமான் எல்லாவற்றையும் எறிந்தவள் இதை மட்டும் எறிய முடியாமல் கட்டிப் போட்டிருந்தாள். அடுப்புச் சாம்பலை அள்ளி அதில் பரப்பி மூலையில் வைத்தாள். இனி ஒரு உயிருக்கும் அள்ளிக் கொட்ட மாட்டேன் என்று இருந்தவள்.

மேஸ்திரி சுற்றி வந்து மோந்து பார்த்தது. காலால் சாம்பலைத் தோண்டியது. ஏறி உட்கார்ந்துகொண்டு, வெட்கமும் முறைப்புமாக அவளைப் பார்த்தது. ஏழு வருஷம் கருப்பண்ணனுக்குச் செய்த மாதிரியே மாதம்மாள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு காத்திருந்தாள்.